தட்டு மாடியில், மாத்திரை கீழே: அடுப்பு பிரிந்த வீட்டில் ஒரு சர்க்கரைத் தாழ்வு

இந்த வீட்டுக்கு எதிர்சாரியில் மூன்று வீடு தள்ளி நான் குடியிருக்கிறேன். அரசு மருத்துவமனையில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். தெருவில் எனக்கு நர்சம்மா என்றுதான் பெயர். கீழே எழுதியிருப்பது 2024 ஆவணியில் தொடங்கி 2025 தை வரை நடந்தது. வீட்டாரிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். பெயர்களை விட்டுவிட்டேன், அடையாளம் காட்டக்கூடிய ஓரிரு விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

மருத்துவக் கணக்கில் இது சாதாரண நிகழ்வு. ஒரு முதியவருக்கு ராத்திரி சர்க்கரை இறங்கியது, காரணம் மாத்திரை. ஆனால் அதே மாத்திரையை அவர் ஆறு வருடமாகச் சாப்பிட்டு வந்தவர். வீட்டில் இரண்டாவது அடுப்பு பற்றவைத்து முப்பது நாள் ஆவதற்குள் அது அவரைத் தள்ளிவிட்டது. ஆஸ்பத்திரிச் சீட்டில் இருப்பது பாதிக்கதைதான்.

பின்னணி

விருதுநகர் மாவட்டத்தில் ஒரு சிறுநகரம். பெரியவருக்கு 71 வயது. மிளகாய் வத்தல் மண்டியில் நாற்பது வருடம் கணக்கு எழுதியவர். மண்டியை விட்டு வந்த பிறகும் தெருவுக்கு அவர் கணக்கப்பிள்ளைதான். பால் கணக்கு, கேஸ் சிலிண்டர் வந்த தேதி, மழை பெய்த நாள் எல்லாவற்றையும் நீளமான நோட்டு ஒன்றில் எழுதி வைப்பார். மனைவிக்கு 66. பெரிய மகனுக்கு சிவகாசியில் ஆஃப்செட் அச்சகத்தில் வேலை. சின்ன மகன் டூவீலர் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறான். பெரிய மருமகள் வீட்டிலேயே தையல் தைக்கிறாள். சின்ன மருமகள் தனியார் பள்ளி ஆசிரியை. பள்ளி முடிந்து டியூஷனும் எடுத்துவிட்டு வீடு வர ஆறரை ஆகும்.

பெரியவருக்குப் பத்து வருடமாகச் சர்க்கரை. கிளிமிபிரைடு 2 மில்லிகிராமும் மெட்ஃபார்மின் 500 மில்லிகிராமும் சேர்ந்த மாத்திரை, காலை ஒன்று, ராத்திரி ஒன்று. ரத்த அழுத்தத்துக்கு அட்டினலால். தனியார் டாக்டர் ஒருவர் எழுதிக் கொடுத்த சீட்டில் ‘சாப்பாட்டுக்கு முன்’ என்று இருந்தது. எவ்வளவு முன் என்று இல்லை. அந்தக் கேள்வி எழ வாய்ப்பும் இல்லை. ஏழரை மணிக்கு பெரிய மருமகள் தட்டை வைத்துவிட்டு, “மாமா, மாத்திரை போட்டாச்சா?” என்று கேட்பாள். அவர் போட்டுக்கொள்வார், இட்லியைப் பிட்டுவிடுவார். மாத்திரைக்கும் முதல் வாய்க்கும் நடுவே ஒரு நிமிடம் இருக்கும்.

மாத்திரை தந்தது டாக்டர். அதைப் பாதுகாப்பான மாத்திரையாக வைத்திருந்தது அந்த ஒரு நிமிடம். அது யாருடைய வேலை என்று வீட்டில் யாரும் பெயர் வைத்ததில்லை.

அடுப்பு பிரிந்த விதம்

சண்டை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. இரண்டு மருமகள்களும் கெட்டவர்கள் இல்லை. ஒருத்தி பகல் முழுக்க அடுப்படியில் நிற்கிறோம் என்று நினைத்தாள். இன்னொருத்தி சம்பாதித்துக் கொடுத்தும் ராத்திரி பாத்திரம் தேய்க்கிறோம் என்று நினைத்தாள். பிள்ளைக்குப் பால் காய்ச்சப் போனால் அடுப்பு காலியாக இருக்காது. மீன் எடுத்த அன்றைக்கு ஒருத்திக்கு வேண்டும், ஒருத்திக்கு வேண்டாம். மாமியார் இரண்டு பக்கமும் பேசி, இரண்டு பக்கமும் கெட்ட பெயர் வாங்கினார்.

கூடவே ரேஷன் கார்டு பேச்சும் வந்தது. 2023 செப்டம்பர் 15-ஆம் தேதி தொடங்கிய மகளிர் உரிமைத் தொகை ஒரு குடும்ப அட்டைக்கு ஒரு பெண்ணுக்கு மட்டும். மாதம் 1,000 ரூபாய் மாமியாருக்கு வந்துகொண்டிருந்தது. மாடியைத் தனிக் குடும்பமாக்கி, பெயர் நீக்கி, தனி அட்டைக்கு எழுதிப் போட்டால் சின்ன மருமகளும் விண்ணப்பிக்கலாம் என்று ஒர்க்‌ஷாப்பில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஆயிரத்துக்காகப் பிரிந்தார்கள் என்று தெருவில் பேசினார்கள். அது உண்மை இல்லை. ஆனால் இந்த அட்டை விஷயம் பின்னால் ஒரு வேலை செய்தது, அதனால் இங்கே சொல்லி வைக்கிறேன். தனி அட்டை வேண்டுமென்றால் தனிச் சமையல் உண்மையிலேயே நடக்கிறதா என்று நேரில் வந்து பார்ப்பார்கள். ஆகவே மாடி அடுப்பு பேருக்கு இருந்தால் போதாது, தினமும் எரிய வேண்டும். “கீழே மேலே சோறு போய் வந்துகிட்டிருந்தா எப்படித் தனி?” என்று சின்ன மகன் ஒருமுறை சொன்னது எல்லார் மனதிலும் தங்கிவிட்டது.

பெண்களின் தாய்மாமன் முறையில் ஒருவரை அழைத்துப் பேசினார்கள். பேசியது மூன்று ஆண்கள், அரை மணி நேரம். பெண்கள் மூவரும் அடுப்படி நிலையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். முடிவு இப்படி ஆனது: அப்பா அம்மா கீழேயே இருப்பார்கள். பிள்ளைகள் ஆளுக்கு 3,000 ரூபாய் அம்மா கையில் கொடுக்க வேண்டும். பெற்றவர்களுக்குக் காலையும் மதியமும் கீழ் அடுப்பு, ராத்திரிச் சாப்பாடு மாடி அடுப்பு. சின்ன மருமகள் பகலில் வீட்டில் இல்லை, அதனால் ராத்திரி அவள் பங்கு. பார்க்க நியாயமாகத்தான் இருந்தது.

செப்டம்பர் 6, ஆவணி மாத வளர்பிறை வெள்ளிக்கிழமை. மாடியில் பால் காய்ச்சினார்கள். ஒரு முகவரிக்கு இரண்டாவது கேஸ் இணைப்பு உடனே கிடைக்காது என்பதால் இன்டக்‌ஷன் அடுப்பு. மாமியார் தன் சீதனமாக வந்த பித்தளைப் பானையை மாடிக்குக் கொடுத்துவிட்டு, கீழே வந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். மறுநாள் பிள்ளையார் சதுர்த்தி. ஒரே வீட்டில் இரண்டு இடத்தில் கொழுக்கட்டை வெந்தது. இரண்டு வீட்டுக் கொழுக்கட்டையும் எனக்கு வந்தது.

பாத்திரம் பிரித்தார்கள், தானியம் பிரித்தார்கள், ஃப்ரிட்ஜில் தட்டு பிரித்தார்கள். மாத்திரை டப்பா கீழ் அலமாரியிலேயே இருந்தது. அதை யாரும் பொருட்டாக நினைக்கவில்லை.

கண்ணில் பட்டவை

சின்ன மருமகள் ஆறரைக்கு வந்து, பிள்ளையைக் குளிப்பாட்டி, உலை வைக்க ஏழேகால் ஆகும். கணவன் ஒர்க்‌ஷாப்பை அடைத்துவிட்டு வர எட்டரை. அவன் வந்ததும் எல்லாருக்குமாகப் போட்டு, மாமனாருக்குத் தூக்கில் கீழே இறக்குவாள். எட்டே முக்கால், சில நாள் ஒன்பது. வேலைக்குப் போய் வரும் ஒரு பெண்ணுக்கு இது தாமதமே இல்லை.

பெரியவர் கடிகாரத்துக்குக் கட்டுப்பட்டவர். ஏழரை ஆனதும் டப்பாவைத் திறந்து மாத்திரையைப் போட்டுவிடுவார். சீட்டில் சாப்பாட்டுக்கு முன் என்று இருக்கிறது, அவர் முன்னால் போடுகிறார். அவர் பங்கில் பிசகு ஒன்றும் இல்லை.

கிளிமிபிரைடு கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும். வயிற்றில் சாப்பாடு இருக்கிறதா இல்லையா என்று அது பார்க்காது. மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுகிறவர்களுக்குச் சர்க்கரை அபாயமாக இறங்குவது அபூர்வம். கிளிமிபிரைடு சாப்பிடுகிறவர்களுக்கு, அதிலும் வயதானவர்களுக்கு, ஒரு வேளை சாப்பாடு தள்ளிப் போனாலே இறங்கலாம்.

அந்த மூன்று, நான்கு வாரங்களில் வீட்டார் கவனித்தவை இவை. எட்டரை வாக்கில் பெரியவர் எரிந்து விழுவார். டிவி ரிமோட்டுக்காகப் பேரனை அதட்டினார், அவர் அதட்டுகிற ஆளே இல்லை. “சோத்துக்குக் காத்துக் கிடக்க வெச்சிட்டீங்கல்ல” என்று ஒருநாள் மனைவியிடம் கத்தியிருக்கிறார். சாப்பிட்டு முடித்ததும் அடங்கிவிடுவார். நோட்டில் கையெழுத்து கோணியிருந்த பக்கங்களைப் பின்னால் பார்த்தோம்.

மனைவி இதைக் குடும்பம் பிரிந்த வருத்தம் என்று நினைத்தார். பெரிய மகன், அப்பா தம்பி மேல் கோபத்தைக் காட்டுகிறார் என்று நினைத்தான். சின்ன மருமகள், தன் சமையல் பிடிக்கவில்லை, அதைச் சுற்றி வளைத்துச் சொல்கிறார் என்று நினைத்து உள்ளுக்குள் வெந்தாள். ஒரே அறிகுறிக்கு வீட்டில் மூன்று பொருள் இருந்தது. மூன்றும் உறவைப் பற்றியவை. அடுப்பு பிரிந்த வீட்டில் எல்லாமே உறவாகத்தான் தெரியும்போலிருக்கிறது.

நானும் தப்பவில்லை. செப்டம்பர் கடைசியில் ஒரு மழை நாள். எட்டரை மணிக்கு அவர் திண்ணையில் உட்கார்ந்திருந்தார், பனியன் முதுகோடு ஒட்டி நனைந்திருந்தது. குளிர்காற்று வீசுகிறது, இவருக்கு வேர்க்கிறது. “என்ன கணக்கப்பிள்ளை, இப்படி வேர்க்குது? உள்ளே ஃபேனுக்கடியில போய் உட்காருங்க” என்று சொல்லிவிட்டு நடந்தேன். இருபத்தெட்டு வருடம் வார்டில் நின்றவள் சொன்ன வைத்தியம் அது. சர்க்கரை இறங்கும்போது படபடப்பும் கை நடுக்கமும் வரும். அட்டினலால் போன்ற மருந்து சாப்பிடுகிறவர்களுக்கு அவை மங்கிவிடும், வேர்வை மட்டும் மிஞ்சும். எனக்குத் தெரிந்த விஷயம்தான். திண்ணையில் உட்கார்ந்திருந்தவரை நோயாளியாக நான் பார்க்கவில்லை.

பெரிய மருமகள் மட்டும் கிட்டத்தட்டச் சரியாகப் பிடித்தாள். பசியில் வாடுகிறார் என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது. ஒருநாள் எட்டு மணிக்கு இரண்டு தோசை ஊற்றிக் கொடுத்தாள். அவர் நன்றாக இருந்தார். ஒன்பது மணிக்கு மாடியிலிருந்து தூக்கு வந்தபோது, “போதும்மா, சாப்பிட்டுட்டேன்” என்றார். சின்ன மருமகள் ஒன்றும் சொல்லாமல் தூக்கை எடுத்துக்கொண்டு ஏறிப் போனாள். மறுநாள் சின்ன மகன் அண்ணியிடம், “ராத்திரி எங்க பங்கு அண்ணி, நாங்க பாத்துக்கிறோம்” என்று சொன்னான். மரியாதையாகத்தான் சொன்னான். அதற்குப் பிறகு அவள் எட்டு மணிக்கு தோசைக்கல்லை எடுக்கவில்லை.

அக்டோபர் 5, புரட்டாசி மூன்றாம் சனி

காலாண்டு விடுமுறை. சின்ன மருமகள் வியாழக்கிழமையே பிள்ளையோடு அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். வியாழனும் வெள்ளியும் சின்ன மகன் கடையில் இட்லி வாங்கி வந்து அப்பாவுக்குக் கொடுத்தான், அதுவும் எட்டுக்குள். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அவள் இல்லாத அந்த இரண்டு நாளும் பெரியவருக்கு வேர்க்கவில்லை.

சனிக்கிழமை கீழ் வீட்டில் பெருமாளுக்குத் தளிகை. பூசை முடிந்து இலை போட ஒன்றரை மணி. சாயங்காலம் சுண்டல். மாமியார் புரட்டாசிச் சனி ஒருபொழுது, ராத்திரி பாலும் பழமும்தான். அதனால் ராத்திரிக்கு கீழே அடுப்பு மூட்டவில்லை. பெரிய மகன் அச்சகத்தில். அங்கே ஆடிப்பெருக்குக்குக் காலண்டர் ஆல்பம் போட்டதிலிருந்து மார்கழி வரை ஓவர்டைம்தான், அன்றைக்கு நைட் ஷிஃப்ட். பெரிய மருமகள் ஒரு பட்டுப்பாவாடை ஆர்டருக்காகத் தையல் மெஷினில் இருந்தாள். பிள்ளைகள் மத்தியானச் சாதம் மிச்சத்தைத் தயிர் விட்டுச் சாப்பிட்டுவிட்டன.

சின்ன மகனுக்கு ஒர்க்‌ஷாப்பில் ஒரு வண்டி முடியவில்லை. வீட்டில் இன்றைக்குத் தளிகை, அம்மா அப்பாவுக்கு ஏதாவது எடுத்து வைத்திருப்பாள் என்று நினைத்தான். அம்மா, பையன் நேற்று மாதிரி வாங்கி வருவான் என்று நினைத்தார். பெரிய மருமகள், கொழுந்தன் சொன்னதை நினைத்தாள். பெரியவர் வாய்விட்டுக் கேட்கவில்லை. இரண்டு பிள்ளை வீட்டில் எந்தப் பிள்ளையிடம் சோறு கேட்பது என்பது அந்த வயதில் லேசான விஷயம் இல்லை. ஏழரைக்கு மாத்திரை போட்டுக்கொண்டார்.

ஒன்பது நாற்பதுக்கு ஏழாம் வகுப்புப் பேரன் ஓடி வந்தான். “நர்சம்மா, தாத்தா என்னென்னமோ பேசுறாரு, என்னை மண்டிக்காரர் பேரைச் சொல்லிக் கூப்பிடுறாரு.” என் வீட்டுச் சுகர் மெஷினை எடுத்துக்கொண்டு போனேன். கட்டிலில் உட்கார்ந்திருந்தார், உடம்பெல்லாம் ஈரம். நாடி 68, நிதானமாக அடித்தது. சர்க்கரை 41. 70-க்குக் கீழே போனாலே தாழ்வு, 54-க்குக் கீழே என்றால் அபாயம்.

அன்று ராத்திரி எடுத்த முடிவுகள்

முதல் முடிவு, வாய் வழியாகக் கொடுக்கலாமா என்பது. கூப்பிட்டால் திரும்பிப் பார்த்தார். ஒரு வாய்த் தண்ணீர் கொடுத்துப் பார்த்தேன், விழுங்கினார். விழுங்கத் தெரியாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, நுரையீரலுக்குப் போய்விடும். இவருக்குக் கொடுக்கலாம் என்று முடிவு செய்து, மூன்று டீஸ்பூன் சர்க்கரையை அரை டம்ளர் தண்ணீரில் கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தோம். கிட்டத்தட்ட 15 கிராம். மாமியார் தேனும் நெய்யும் எடுத்து வந்தார். நெய் வேண்டாம், கொழுப்பு சேர்ந்தால் சர்க்கரை ஏறுவது மந்தமாகும் என்று தடுத்தேன். கால் மணி கழித்து 58. மறுபடி மூன்று ஸ்பூன். இன்னொரு கால் மணியில் 76. பேரனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். பெரிய மருமகள் அதற்குள் இட்லி வார்த்துவிட்டாள். இரண்டு இட்லி சாப்பிட்டார்.

இரண்டாவது முடிவில்தான் தகராறு வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்றேன். அப்போதுதான் வந்து சேர்ந்த சின்ன மகன், “அப்பா நல்லாப் பேசுறாரே, எதுக்கு இந்நேரத்துல?” என்றான். மாமியாருக்கும் பயம், ராத்திரி போனால் படுக்க வைத்துவிடுவார்கள் என்று. இன்சுலின் ஊசியால் இறங்கியிருந்தால் அவர்கள் சொன்னதில் கொஞ்சம் நியாயம் இருக்கும். இந்த வகை மாத்திரை உடம்பில் நெடுநேரம் தங்கும். வயதானவர், சிறுநீரகமும் சற்றுத் தளர்ந்திருந்தால் இன்னும் நேரம். சாப்பிட்டு ஏறிய சர்க்கரை தூக்கத்தில் மறுபடி இறங்கலாம், தூக்கத்தில் இறங்கினால் யாருக்கும் தெரியாது. வேறு வழியில்லாமல் கொஞ்சம் குரலை உயர்த்திச் சொன்னேன். 108-க்குச் சொன்னோம்.

அரசு மருத்துவமனையில் சேர்த்து மணிக்கொரு தரம் பார்த்தார்கள். அதிகாலை இரண்டு மணிக்கு 52. நரம்பு வழியே டெக்ஸ்ட்ரோஸ் ஏற்றினார்கள். வீட்டில் படுத்திருந்தால் அந்த 52-ஐப் பார்க்க ஆள் இல்லை.

இரண்டு நாள் இருந்தார். ரத்தத்தில் கிரியேட்டினின் 1.6, சிறுநீரகம் முன்போல் இல்லை. மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் HbA1c 6.3 சதவீதம். நான் வேலை பார்த்த காலத்தில் இதைப் பார்த்துப் பாராட்டியிருப்போம். இந்த வயதில், இந்த மருந்தில், இவ்வளவு இறுக்கம் வேண்டாம், அந்தச் சராசரி 7.5-க்கு மேல் இருந்தாலும் பாதகமில்லை என்றார் டாக்டர். கிளிமிபிரைடை நிறுத்தி, மெட்ஃபார்மினை மட்டும் குறைந்த அளவில் சாப்பாட்டுக்குப் பின் என்று எழுதிக் கொடுத்தார். கடைசியாக எப்போது ரத்தம் பார்த்தீர்கள் என்று கேட்டதற்கு வீட்டில் பதில் இல்லை. நோட்டில் இருந்தது: எட்டு மாதத்துக்கு முன். மாமியாருடைய பிரஷர் மாத்திரையை மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே கொண்டு வந்து கொடுத்து, பிரஷரும் பார்த்துவிட்டுப் போகிறார்கள். பெரியவர் தனியார் டாக்டரிடம் போனவர், பழைய சீட்டைக் காட்டிக் கடையில் வாங்கிக்கொண்டே வந்திருக்கிறார்.

இரண்டாவது பேச்சு

வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் மறுபடி உட்கார்ந்தார்கள். இந்தத் தடவை தாய்மாமனைக் கூப்பிடவில்லை. பெண்களும் கூடத்தில் உட்கார்ந்தார்கள். என்னையும் கூப்பிட்டார்கள்.

முதல் அரை மணி யார் தப்பு என்பதிலேயே போனது. பெரிய மகன் தம்பியைப் பார்த்து, “ஒரு வேளைச் சோறு, அதைக்கூடப் போட முடியலையா” என்றான். சின்ன மருமகள் அழுதாள். அவள் ஊரில் இல்லாத நாளில் நடந்தது அவள் தலையில்தான் விழுந்தது. எனக்கு இது பொறுக்கவில்லை. நோட்டை எடுத்து வரச் சொன்னேன். மாத்திரை நேரத்தைப் பெரியவர் எழுதி வைத்திருந்தார், சாப்பாட்டு நேரத்தையும் எழுதியிருந்தார், பக்கத்து பக்கத்துக் கட்டத்தில். 7.30, 8.50. 7.30, 9.05. 7.30, 8.45. இந்த இரண்டு எண்ணுக்கும் நடுவில்தான் கோளாறு, ஆளிடம் இல்லை என்று காட்டினேன். கணக்கு என்றதும் பேச்சு கொஞ்சம் தணிந்தது.

அப்புறம்தான் பெரிய மருமகள் வாயைத் திறந்தாள். “பசிக்குதுன்னு எனக்குத் தெரிஞ்சுது நர்சம்மா. போட்டா குத்திக்காட்டுற மாதிரி ஆயிடுமேன்னு இருந்துட்டேன்.” சின்ன மருமகள் நிமிர்ந்து பார்த்து, “நான் அப்படி நினைக்கலக்கா. எம்மேல குத்தம் சொல்றீங்களோன்னுதான் நினைச்சேன்” என்றாள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துப் பேசியது ஆவணிக்குப் பிறகு அதுதான் முதல் தடவை என்று மாமியார் என்னிடம் பிறகு சொன்னார்.

மறுபடி ஒரே அடுப்பாக்கிவிடலாம் என்று பெரிய மகன் சொன்னதை இரண்டு பெண்களுமே ஏற்கவில்லை. நானும் அது வேண்டாம் என்றே சொன்னேன். பயத்தில் சேர்ந்த அடுப்பு மூன்று மாதம் தாங்காது. பங்கு பிரித்த விதத்தை மட்டும் மாற்றினோம். எந்த நேரத்தில் எந்த அடுப்பு தானாகவே எரிகிறது என்று பார்த்தோம். சின்ன மருமகள் பிள்ளைக்கு டப்பா கட்டக் காலை ஆறரைக்கே சமைக்கிறாள். ஆக, காலை டிபன் மாடி, ஏழரைக்கு. மதியமும் ராத்திரியும் கீழ் அடுப்பு, ராத்திரி ஏழரைக்கே. கீழ் வீட்டுக்கு ஒரு வேளை கூடுகிறது, அதற்கு ஈடாகச் சின்ன மகன் 3,000-க்குப் பதில் 4,000 கொடுப்பது. இந்த எண்ணைச் சொன்னது பெரிய மருமகள். ஆண்கள் பேசியிருந்தால் இந்தக் கணக்கு வந்திருக்காது.

மாத்திரை டப்பாவை அலமாரியிலிருந்து எடுத்தோம். காலை மாத்திரை மாடியில் தட்டோடு வரும், ராத்திரி மாத்திரை கீழே தட்டோடு வரும். தட்டு வராமல் மாத்திரை இல்லை. பெரியவருக்கு இது பிடிக்கவில்லை, தன் மாத்திரையைத் தான் எடுத்துப் போட முடியாதவனா என்று கேட்டார். நியாயமான கேள்வி. அதனால் எழுதுகிற பொறுப்பு அவரிடமே இருந்தது: முதலில் சாப்பாட்டு நேரம், அடுத்த கட்டத்தில் மாத்திரை. சாப்பாட்டுக் கட்டம் காலியாக இருந்தால் மாத்திரைக் கட்டத்தில் எழுதக் கூடாது. இது அவர் மண்டியில் போட்ட விதிதானாம், சரக்கு வராமல் பணம் பட்டுவாடா இல்லை.

பிறகு நடந்தவை

முதல் வாரம் சரியாகப் போனது. இரண்டாம் வாரம் மாடியிலிருந்து டிபன் எட்டேகாலுக்கு வந்தது, அவள் பள்ளி பஸ்ஸைப் பிடிக்க ஓடிக்கொண்டிருந்தாள். இப்போது மாத்திரை மெட்ஃபார்மின் மட்டும் என்பதால் ஆபத்தில்லை. அதன் பிறகு டிபனைப் பேரன் போய் எடுத்து வருவது என்றானது.

சர்க்கரை சாப்பாட்டுக்கு முன் 130, 140, சாப்பிட்ட பின் 190 வரை இருக்கிறது. டாக்டர் போதும் என்கிறார், பெரியவருக்குத்தான் மனசில்லை. 110-ஐப் பார்த்துப் பழகியவர். எட்டரை மணி வேர்வையும் எரிச்சலும் நின்றுபோயின. மனைவி சொன்னது, “இவரு கோவக்காரராயிட்டாருன்னு நினைச்சு மாரியம்மனுக்கு நேந்துகிட்டேன் நர்சம்மா.”

எல்லாம் இனித்துவிடவில்லை. மாடியில் இன்டக்‌ஷன், கீழே தையல் மோட்டார், மீட்டர் ஒன்று. அடுத்த மின்கட்டணத்தில் இரண்டு மாத யூனிட் 500-ஐத் தாண்டியது. தாண்டினால் கீழ் அடுக்குக்கும் விலை ஏறிவிடும். அதற்கு ஒரு வாரம் பேச்சுவார்த்தை இல்லை. கடைசியில் மாடிக்கு ரீடிங் பார்க்க ஒரு தனி மீட்டர் வைத்துக்கொண்டார்கள். பொங்கலுக்கு ஒரே பானை வைக்க வேண்டும் என்று மாமியாருக்கு ஆசை, வாசலில் இரண்டு பானைதான் பொங்கியது. சின்ன மருமகளின் தனி அட்டை விசாரணைக்கு ஆள் வந்து மாடி அடுப்பைப் பார்த்துவிட்டுப் போனார்கள். காலை ஏழரைக்கு மாமனாருக்கு டிபன் இறங்குவதைப் பற்றி அவர்கள் கேட்கவே இல்லை. இதற்காகத்தான் அவ்வளவு பயந்திருந்தார்கள்.

மறுபடி என்றால் மாற்றிச் செய்ய வேண்டியவை

அடுப்பு பிரிக்கிற நாளில் பாத்திரப் பட்டியல் போடுவதுபோல், வீட்டில் யார் யாரைப் பார்த்துக்கொள்கிறார்கள் என்றும் எழுதியிருக்க வேண்டும். “மாத்திரை போட்டாச்சா?” என்ற அந்த ஒரு கேள்வி எந்தப் பட்டியலிலும் வரவில்லை. கேட்டு வந்தவளை நிலைப்படியில் நிற்க வைத்துப் பேசி முடித்ததில் வந்த வினை அது.

மருத்துவப் பக்கத்தில், வீட்டில் சாப்பாட்டு நேரம் மாறினால் டாக்டரிடம் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றாது. எனக்கே தோன்றவில்லை. மகன் வேலை மாறியது, மருமகள் வேலைக்குப் போனது, விரதம், விசேஷம், எல்லாம் சர்க்கரைக்காரருக்கு மருந்து மாற்றம் மாதிரிதான். இப்போது தெருவில் யாராவது மாத்திரைச் சீட்டைக் காட்டினால், முதலில் ராத்திரி எத்தனை மணிக்குச் சாப்பிடுவீர்கள் என்றுதான் கேட்கிறேன். கூடத்தில் ஒரு சின்ன டப்பாவில் சர்க்கரை, ஒரு ஸ்பூன், என் போன் நம்பர் வைத்திருக்கிறது இந்த வீட்டில். அது ஆவணியிலேயே இருந்திருக்க வேண்டும். வேர்த்த பனியனைப் பார்த்த அன்றைக்கே விரலில் ஒரு சொட்டு எடுத்திருந்தால் 60-களில் ஏதோ ஓர் எண் காட்டியிருக்கும், அக்டோபர் 5 வந்திருக்காது. அது என் கணக்கில் பற்று.

இன்னொன்றும் விட்டுப்போயிருந்தது. தை மாதம் ஒருநாள் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தபோது, அந்தச் சனிக்கிழமை மாமியார் என்ன சாப்பிட்டார் என்று கேட்டேன். பாலும் பழமும் என்றார்கள். உண்மையில் சாப்பிட்டாரா? யாருக்கும் தெரியவில்லை. அவரே யோசித்து, அன்றைக்குப் பாலைப் பூனைதான் குடித்தது, பிரஷர் மாத்திரையும் போடவில்லை என்றார். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பெரிய மருமகள் ஸ்கேலை எடுத்துக் கொடுத்தாள். கணக்கப்பிள்ளை புதுப் பக்கம் திருப்பி, நடுவில் ஒரு கோடு போட்டார்.